லாட்ஜ் ரூம் வைத்தியரும் நம்ம வெட்கமும்

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல கட்டணக் கழிப்பிடத்துக்கு ஒருதடவை போனவங்களுக்கும் அந்த நோட்டீஸ் மனப்பாடம் ஆகியிருக்கும். இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி, சிறுத்து வளைந்த உறுப்பு, உடனே நேரில் வரவும்... கீழே ஒரு லாட்ஜ் பேரு, ரூம் நம்பர், தேதி.

என் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் அப்படிப் போனான். வைத்தியர் பரிசோதிக்கவே இல்லை. "கைப்பழக்கம் உண்டா தம்பி?"ன்னு ஒரே கேள்வி. இதுக்கு மனசாட்சியோட இல்லைன்னு சொல்ற பையன் எத்தனை பேருங்க? அந்தக் குற்ற உணர்ச்சிதான் அவரோட முதலீடு. செமஸ்டர் ஃபீஸ் எட்டாயிரம் லேகியமாப் போச்சு.

உண்மை என்ன? லேசான வளைவு ரொம்ப சகஜம். சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் கூடுதலா இருக்கும், வயசுக்கு வந்தப்புறம்தான் தெரியும். கைப்பழக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

இன்னொரு வகை, நடுவயசுல புதுசா வர்றது. பேரு பெய்ரோனி நோய். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவர் பெய்ரோனி 1743-ல் இதை விவரிச்சு எழுதினார். ஆணுறுப்புக்குள்ள விறைப்புத் திசுவைச் சுத்தியிருக்கிற உறையில தழும்பு மாதிரி ஒரு தடிப்பு உண்டாகும். அந்தப் பக்கம் விரியாததால வளையுது. ஆரம்பத்துல வலிக்கும், பல மாசம் கழிச்சு வலி அடங்கி வளைவு நிலைச்சுடும். இது புற்றுநோய் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு வாய்ப்பு அதிகம். அதனால நம்ம பெரியப்பா, மாமாக்களுக்கும் இது சேர்த்தி.

வைத்தியமும் இருக்கு. இழுவைக் கருவி, ஊசி, வளைவு நிலைச்சப்புறம் ஆபரேஷன். 1965-லேயே நெஸ்பிட் முறை வந்தாச்சு. முழங்கால் தழும்பே லேகியம் சாப்பிட்டுக் கரையாதப்போ, இது மட்டும் எப்படிங்க கரையும்?

ஆண்மைக் குறைவுக்கு மருந்துன்னு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கு. சுவத்துல ஒட்டுறவனுக்குப் பயமில்லை, படிக்கிற நமக்குத்தான் வெட்கம்.

சட்டத்தை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? நண்பன் முதல்ல என்கிட்டதான் ஜாடையா ஆரம்பிச்சான். நான் சிரிச்சேன். ரூமே சிரிச்சுது. அடுத்த வாரம் லாட்ஜ் படியேறிட்டான். "எனக்குக் கல்யாணமே ஆகாதுடா"ன்னு ராத்திரி மொட்டை மாடியில உக்காந்து அழுதப்பதான் எனக்கு உறைச்சுது. வைத்தியருக்கு ஆள் பிடிச்சுக் குடுத்தது நாங்கதான்.

அப்புறம் ஒரு யூராலஜிஸ்ட்கிட்ட நானும் கூடப் போனேன். அஞ்சு நிமிஷம் பார்த்தார். பிறவி வளைவு, லேசானது, வைத்தியமே வேண்டாம்னு அனுப்பிட்டார். வெளிய வந்து பேக்கரியில ரெண்டு டீ குடிச்சோம். அவ்ளோதான் விஷயம்.

கையில காசில்லைன்னா திருச்சி ரோட்டுல நம்ம ஜி.எச். இருக்கு. ஓ.பி. சீட்டு வாங்கி யூராலஜின்னு கேளுங்க. பல்வலிக்குப் போறப்ப வெட்கப்படறோமா என்ன?

டிஸ்கி: நான் டாக்டருக்குப் படிக்கலை, இன்ஜினியரிங்தான். ஆனா அடுத்தவன் சொல்றப்ப சிரிக்காம இருக்க எந்த டிகிரியும் வேண்டாம்.