விழிப்புணர்வு ஓட்டமும் விடியற்கால ஓட்டமும்

எங்கள் கரையோரத்தில் இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் ஒரு விழிப்புணர்வு ஓட்டம். டெங்குவுக்கு ஓட்டம், நீரிழிவுக்கு ஓட்டம், போதைப்பொருளுக்கு ஓட்டம் (எதிராகத்தான்). எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ரீ-சேட், முதுகில் அனுசரணையாளரின் பெயர், முன்வரிசையில் ஓர் அரசியல்வாதி. அவர் ஐம்பது யார் ஓடியதும் பின்னால் வரும் வாகனம் அவரை ஏற்றிக்கொள்கிறது. படம் மாலைக்குள் பத்திரிகைக்கு வந்து சேர்கிறது. நாங்களும் பிரசுரிக்கிறோம். இந்தப் பாவத்தில் எனக்கும் நெடுங்காலப் பங்கு உண்டு.

அப்படியானதோர் ஓட்டத்தின் ஏற்பாட்டுக் குழுவிடம் என் மருமகன், என் சகோதரியின் மகன், ஒரு கோரிக்கையோடு போனான். தனக்கு மூளையில் காயம் என்று எழுதிய சட்டையோடு கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஓட விரும்புவதாகச் சொன்னான். அவனுக்கு வலிப்பு வந்து வருடங்கள் பல கடந்துவிட்டன. துணைக்கு ஆள் இருந்தால் ஓடலாம் என்று வைத்தியரும் சொல்லியிருக்கிறார். குழுவினர் அவனை அன்பாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். பின்னர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "பைத்தியக்காரனை ரோட்டில ஓட விட்டிருக்காங்க என்று சனம் சொல்லும். நீங்களாவது புத்தி சொல்லுங்க. வேணுமென்றா மேடையில ஒரு கதிரை போடுவம்" என்றார்கள்.

மேடையில் கதிரை! இந்தக் கட்டுரை அந்தக் கதிரைக்கு எதிரானது.

2013ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த நாட்களில், பிரதான வீதியில் அவனுடைய மோட்டார் சைக்கிளை ஒரு வான் மோதியது. தலைக்கவசம் வண்டியின் கைபிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினொரு நாட்கள் நினைவில்லை. பிறகு கண் விழித்தான், பெயர் சொன்னான், கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினான். "பதினைந்துக்குப் பதினைந்து" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். என் சகோதரி அதைப் பரீட்சைப் புள்ளி போல ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அந்தப் பதினைந்து என்னவென்று எனக்குப் பின்னர்தான் விளங்கியது. 1974இல் கிளாஸ்கோவின் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் உருவாக்கிய அளவுகோல் அது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. நோயாளி விழிப்பாக இருக்கிறாரா என்பதை அளக்க அருமையான கருவி. காலையில் என்ன சாப்பிட்டான் என்பது மத்தியானம் நினைவில் நிற்குமா, சந்தைச் சத்தத்தில் அவனுக்குத் தலை வெடிக்குமா, உம்மா மீது பீங்கானை எறிந்துவிட்டு அரைமணி நேரத்தில் அழுவானா என்பவற்றை அது அளக்காது. காயத்தின் தையல் ஆறிய பின்னர்தான் இவை வீட்டுக்குள் வருகின்றன. அப்போது வைத்தியரும் அருகில் இல்லை, பெயர் சொல்லவும் ஆளில்லை. எனவே ஊர் தானே ஒரு பெயர் வைக்கிறது: சோம்பேறி, திமிர் பிடித்தவன், ஜின் பிடித்தவன். ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் ஊதிக் கொடுத்தார்கள். ஓதுவதை நான் குறை சொல்லவில்லை; மருத்துவம் முடிந்துபோன இடம் என்று அதை நினைத்ததைத்தான் சொல்கிறேன்.

உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, "கை கால் எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பினார்கள். வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இலேயே 28ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் வந்துவிட்டது. ஆனால் குறை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது மேசைக்குப் பின்னால் இருப்பவரின் சட்டம்.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். "மூளை பாதிக்கப்பட்டவன் எப்படி நெடுந்தூரம் ஓடுவான்?" என்று கேட்டவர்களுக்கு அமெரிக்காவின் டயான் வான் டெரெனைச் சொல்வேன். வலிப்பு நோய்க்காக 1997இல் அவருடைய மூளையின் வலது பொட்டு மடலில் ஒரு பகுதியை வெட்டி அகற்றினார்கள். வலிப்பு நின்றது. நேர உணர்வும் ஞாபகமும் குறைந்தன. வரைபடம் பார்த்து வழி போக முடியாது. அந்தப் பெண் 2009இல் கனடாவின் யூக்கோன் பனிவெளியில் 430 மைல் போட்டியை முடித்தார். 2012இல் வட கரோலினா மாநிலத்தின் மலையிலிருந்து கடல்வரை ஏறத்தாழ 1,000 மைல்களை 22 நாட்களில் ஓடினார். வழிகாட்ட ஆட்கள் கூடவே ஓடினார்கள். அவரை யாரும் கதிரையில் உட்காரவைக்கவில்லை.

இன்னொருவர் பிரித்தானியாவின் ஜேம்ஸ் கிராக்னெல். 2000இலும் 2004இலும் படகோட்டத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2010 ஜூலையில் அரிசோனாவில் சைக்கிளில் சென்றபோது பின்னால் வந்த எரிபொருள் பவுசரின் பக்கக் கண்ணாடி அவருடைய தலையில் அடித்தது. தலைக்கவசம் பிளந்தது, உயிர் தப்பியது. முன்மூளை பாதிப்பும் வலிப்பும் மிஞ்சின. மணமும் சுவையும் போயின. தலைக்கவசம் போடுங்கள் என்று அதன்பின் ஊர் ஊராகச் சொன்னார். ஒலிம்பிக் வீரனின் மண்டையோடும் எங்கள் பையன்களின் மண்டையோடும் ஒரே எலும்பால் ஆனவைதான். ஜும்ஆவுக்குத் தொப்பியோடு போகும் இளைஞர்களையும், கணவனுக்குப் பின்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெறுந்தலையோடு போகும் பெண்களையும் பார்த்துப் பொலிஸார் முகத்தைத் திருப்பிக்கொள்வது மரியாதையாம். என்ன மரியாதை!

விழிப்புணர்வு நடைகள் எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தார்களே, அவர்களுக்கு ஒரு குறி இருந்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் வேண்டும் என்றார்கள். பணம் சேர்ந்தது, கட்டடம் எழுந்தது. எங்கள் ஓட்டங்களின் முடிவில் எழுவது ஒரு பந்தல் மட்டுமே. அதுவும் மாலையில் கழற்றப்படும்.

லண்டனிலும் டொரொண்டோவிலும் டோஹாவிலும் இருந்து இதைப் படிக்கும் ஊரவர்களே, நீங்கள் அனுப்பும் பணத்தில் எத்தனை வரவேற்பு வளைவுகள் எழுந்துவிட்டன! தலையில் அடிபட்டு வீடு திரும்பியவர்களுக்கு மீண்டும் சட்டைப் பொத்தான் போடவும், நாட்குறிப்பு வைத்து நாளை நடத்தவும் கற்றுக்கொடுக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரின் சம்பளத்துக்கு ஒரு வளைவின் செலவு எத்தனை வருடம் காணும் என்று கணக்குப் பாருங்கள்.

எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. "படுகாயமடைந்த நிலையில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார். மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்." இந்த இரண்டு வசனங்களை எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன்! அந்தப் படுகாயமடைந்தவர்களில் ஒருவரையாவது ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்ததில்லை. இறந்திருந்தால் செய்தி, பிழைத்தால் செய்தி முடிந்தது. என் வீட்டுக்குள் ஒருவன் பிழைத்து வந்த பிறகுதான் எனக்கு விழிப்புணர்வு வந்தது என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

கடந்த வெள்ளிக்கிழமை சுபஹ் தொழுகைக்குப் பின்னர் அவன் ஓடினான். குழு இல்லை, பந்தல் இல்லை. சட்டையில் என் மகள் எழுதிக்கொடுத்த எழுத்து: "எனக்கு மூளையில் காயம். கேளுங்கள், சொல்கிறேன்." தண்ணீரோடு நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். சாய்ந்தமருதில் சில பிள்ளைகள் சிரித்தார்கள். காரைதீவில் வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா மறித்து, சட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தார். "எங்கட மகனுக்கும் இப்பிடித்தான் தம்பி. நாங்க வெளியில சொல்லல்ல" என்றார். அவன் நின்று, வேர்வையைத் துடைத்தபடி கால்மணி நேரம் பேசினான். எதை மறப்பான், எப்படி எழுதிவைப்பான், கோபம் வரும்போது எங்கே போய் இருப்பான் என்றெல்லாம் சொன்னான். நிந்தவூரில் வெயில் ஏறிவிட்டது, அங்கே நிறுத்தினோம்.

மிச்சத் தூரத்தை வரும் வெள்ளி அதே நேரத்தில் நிந்தவூரிலிருந்து ஓடுவான். வழி சொல்லிக்கொண்டு கூட ஓட இரண்டு பேர் வேண்டும். ரீ-சேட் தரப்படமாட்டாது. மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் தலைக்கவசத்தைத் தலையில் போட்டுக்கொண்டு வரவும்.