காணாமற்போன விமானமும் காது கொடுத்த கதைகளும்



நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட லாரி இப்பொழுது எந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருக்கிறது என்பதை, அதன் முதலாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே செல்போனைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். திருச்செங்கோட்டிலிருந்து வடநாட்டுக்குப் போன போர்வெல் வண்டி எந்தக் கிராமத்தில் நிற்கிறது என்பதும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. ஆகவே நம் பக்கத்து டீக்கடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி எழும். "ஒரு லாரிக்கே இவ்வளவு வசதி இருக்கிறது. 239 பேர் போன அவ்வளவு பெரிய மலேசிய விமானம் எப்படிக் காணாமற்போகும்? யாரோ மறைக்கிறார்கள்!"

இதில் முதற்பாதி நல்ல கேள்வி. அதை நீங்களும் கேட்டிருப்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறதே ஓர் ஆச்சரியக்குறி வாக்கியம், அதனோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் லாரியைக் கவனிப்போம். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அவை தம் நேரத்தையும் இடத்தையும் வானொலி அலையாக அனுப்பிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். லாரியில் உள்ள சிறு பெட்டி அந்த அலைகளை வாங்கித் தன் இருப்பிடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. கணக்கிட்டதை முதலாளிக்குச் சொல்ல வேண்டுமே! அதற்குச் சாலையோரத்துச் செல்போன் கோபுரம் வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் சிக்னல் போய்விட்டால், திரையில் லாரிப் புள்ளி அப்படியே நின்றுவிடுகிறது. லாரியைக் கடத்திவிட்டார்கள் என்று யாரும் அப்போது கூச்சலிடுவதில்லை.

நடுக்கடலில் கோபுரம் ஏது? ரேடார் இருக்கிறதே என்பீர்கள். ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, பூமியோ உருண்டை. இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்குங்கள். தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது கிடைக்கும். ஏற்காடு நம் சேலம் சமவெளிக்கு மேல் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்கிட்டால் சுமார் 124 கிலோமீட்டர் வரும். பயணிகள் விமானம் பறக்கும் 10,700 மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள்: சுமார் 369. ரேடார் அலை காற்றில் சற்றே வளைவதால் 400-க்குக் கொஞ்சம் மேலும் எட்டும். அதைத் தாண்டினால் கரையிலுள்ள ரேடாருக்கு விமானம் தொடுவானத்துக்குக் கீழே போய்விடுகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் எவ்வளவு தூரம் கரை ரேடாரின் கண்ணுக்கு எட்டாது என்று நீங்களே கழித்துக்கொள்ளலாம்.

இனி அந்த மலேசிய விமானத்துக்கு வருவோம். எம்.எச். 370 என்பது அதன் பயண எண். 2014 மார்ச் 8 ஆம் நாள் நள்ளிரவு கடந்து 12-42 மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்டது. 1-19 மணிக்கு விமானி கடைசியாகப் பேசினார். 1-21 மணிக்கு, "நான் இன்ன விமானம், இங்கே இருக்கிறேன்" என்று தரைக்கு விடை சொல்லிக்கொண்டிருந்த கருவி மௌனமாயிற்று. விமானம் திரும்பி மேற்கே போனதை மலேசிய ராணுவ ரேடார் 2-22 மணிவரை பதிவு செய்திருந்தது. பிறகு ரேடாரில் ஒன்றுமில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. விமானத்தின் செய்திக் கருவி ஒன்று, இந்துமகாக் கடலுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளோடு தொடர்பிலேயே இருந்தது. தரை நிலையம் மணிக்கொரு தரம், "இருக்கிறாயா?" என்று கேட்கும், கருவி, "இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். காலை 8-19 வரை இந்தத் தொடர்பு இருந்திருக்கிறது. பதிலில் இருப்பிடம் கிடையாது. ஆனால் பதில் வந்துசேர எவ்வளவு நேரமாயிற்று என்பது பதிவாகியிருந்தது. வானொலி அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. நேரம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும் அல்லவா?

முளைக்குச்சியில் கட்டிய ஆட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு விறைப்பாக இருக்கிறது, அதன் நீளம் 5 மீட்டர் என்று தெரியும். இருட்டில் ஆடு தெரியவில்லை. ஆனாலும் அது முளையைச் சுற்றி 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின்மேல் எங்கோ நிற்கிறது என்பது நிச்சயம். விமானமும் அப்படித்தான் அகப்பட்டது. செயற்கைக்கோளை முளையாகக் கொண்டு பூமியின்மேல் வளைகோடுகள் வரைந்தார்கள். கடைசி வளைகோடு ஒருபுறம் மத்திய ஆசியாவுக்கும் மறுபுறம் தென் இந்துமகாக் கடலுக்கும் நீண்டது.

வடக்கா, தெற்கா? இதற்கு விடை சொன்னது சேலம் ஜங்ஷனில் நீங்கள் தினமும் கேட்கும் ஒன்று. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கீச்சென்று கேட்கும். தாண்டிப் போனவுடன் சுருதி இறங்கிவிடும். டாப்ளர் விளைவு என்று பாடத்தில் படிக்கிறீர்களே, அதுதான். வானொலி அலையின் அதிர்வெண்ணிலும் அத்தகைய சிறு மாறுதல் பதிவாகியிருந்தது. வடக்கே போயிருந்தால் எப்படி மாறியிருக்கும், தெற்கே போயிருந்தால் எப்படி என்று கணக்கிட்டு ஒப்பிட்டார்கள். தெற்குதான் பொருந்தியது. காணாமற்போன விமானத்தைத் தேடுவதற்காகச் செய்யப்படாத ஒரு கருவியின் பழைய பதிவிலிருந்து இவ்வளவையும் கறந்துவிட்டார்கள்!

ஆனால் வளைகோடு வெகு நீளம். அதையொட்டி 2017 ஜனவரி வரை 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துழாவினார்கள். நம் தமிழ்நாட்டின் பரப்பே சுமார் 1,30,000 தான். அங்கே பல இடங்களில் ஆழம் 4,000 மீட்டருக்கு அருகில். சேர்வராயன் மலையை இரண்டு தரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் தண்ணீருக்கு வெளியே தலை தெரியாது. 2018 இல் ஒரு தனியார் நிறுவனம், கண்டுபிடித்தால் மட்டும் பணம் என்ற ஒப்பந்தத்தில் மேலும் லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் தேடிற்று. கிடைக்கவில்லை. 2025 இல் மலேசிய அரசு அதே நிறுவனத்தோடு மறுபடியும் அவ்வாறே ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஆகவே, "ஒன்றுமே தெரியாது" என்று சொல்வதே சரியல்ல. கடைசித் தொடர்பின் நேரம் தெரியும். எந்த வளைகோடு என்று தெரியும். வளைகோட்டின் எந்தப் புள்ளி என்று தெரியாது. ஏன் திரும்பியது என்று தெரியாது; 2018 ஜூலையில் வெளிவந்த மலேசிய விசாரணை அறிக்கையே காரணத்தைத் திட்டமாகச் சொல்ல இயலவில்லை என்றுதான் எழுதியது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பது என்ன? கடைசியில் உள்ள "தெரியாது" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, முன்னால் தெரிந்த எல்லாவற்றின்மீதும் பூசிவிடுகிறார்கள். பிறகு எந்தக் கதையும் செல்லும்.

ஊகமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஊகம் இல்லாமல் விஞ்ஞானி ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. ஆனால் ஊகத்திலும் சாதி இரண்டு உண்டு. 2014 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு நிறுவனம், விமானம் நம் வங்காள விரிகுடாவில் கிடக்கிறது என்று அறிவித்தது. செயற்கைக்கோள் கணக்குக்கு முற்றிலும் மாறான பேச்சு. நிபுணர்கள் நம்பவில்லை. ஆனாலும் அந்த ஊகத்துக்கு நான் ஒரு மரியாதை செய்வேன். அது இடத்தைச் சொன்னது! வங்காள தேசத்துக் கடற்படைக் கப்பல்கள் போய்ப் பார்த்தன. இல்லை. கதை முடிந்தது.

இன்னொரு சாதி வழுக்குமரத்தைப் போன்றது. "ரகசியத் தீவில் இறக்கி ஒளித்துவைத்திருக்கிறார்கள்" என்பார்கள். தீவில் இல்லையே என்றால், "அதுதான் ஒளித்துவிட்டார்களே" என்பார்கள். 2015 ஜூலை 29 இல் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கேயுள்ள ரீயூனியன் தீவின் கரையில் இறக்கையின் ஒரு பகுதி ஒதுங்கியது. படகுகளின் அடியில் ஒட்டி வளருமே கொட்டலசு, அது அதன்மேல் அப்பிக்கிடந்தது. உள்ளே இருந்த எண்களைக்கொண்டு அது அந்த விமானத்தினுடையதே என்று பிரெஞ்சு அதிகாரிகள் உறுதி செய்தார்கள். தென் இந்துமகாக் கடலின் நீரோட்டம் மேற்கு நோக்கிப் பொருட்களை அடித்துக்கொண்டு வருவதும் பொருந்தியது. வழுக்குமரக்காரர்கள் அசைந்தார்களா? "கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்" என்றார்கள். எதைக் காட்டினால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவர்களிடம் விடை இராது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குப் பேச்சுத்தானே, யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். காணாமற்போனவர்களுடைய செல்போனுக்குக் கூப்பிட்டால் மணி அடிக்கிறது என்று ஒரு செய்தி பரவியது. உயிரோடு இருக்கிறார்கள் என்றே பலர் நம்பினார்கள். உண்மை என்ன? நாம் ஓர் எண்ணை அழைத்ததும் நம் காதில் கேட்கும் மணியொலி அந்தப் போனிலிருந்து வருவதில்லை. தொலைபேசி இணைப்பகம் நமக்காக ஒலிப்பது அது. எதிர்முனைப் போன் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதேகூட அது ஒலிக்கக்கூடும். இதை விளக்க இரண்டு வாக்கியம் போதும். விளக்காமல் தலைப்புச் செய்தியாகப் போட்டார்கள். ஒரு தாய் அந்த மணியைக் கேட்டுக்கொண்டு எத்தனை இரவு விழித்திருப்பாள்!

விமானிகள்மீது கூறப்பட்ட பழியும் அப்படியே. ஆதாரம் முழுமையாகக் கிடைக்குமுன்னே அவர்களைக் குற்றவாளி என்று எழுதியவர்கள் உலகெங்கும் உண்டு. பதில் சொல்ல அவர்கள் இல்லை; அவர்கள் வீட்டில் உங்கள் வயதுப் பிள்ளைகள் இருக்கலாம். 2009 ஜூன் 1 இல் அட்லாண்டிக் கடலில் 228 பேருடன் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தைப் பற்றியும் மின்னல் என்றார்கள், வெடிகுண்டு என்றார்கள். 2011 மே மாதத்தில் ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து பதிவுப் பெட்டிகளை எடுத்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிப்படிகம் அடைத்ததால் வேகமானி பொய் சொன்னது, தானியங்கி விலகிக்கொண்டது, அந்தக் குழப்பத்தில் விமானிகள் மூக்கை மேலே தூக்கினார்கள், இறக்கைகள் ஏந்தும் விசையை இழந்தன.

நம் பக்கத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. பயணிகள் விமானமல்ல, விமானப்படையின் ஏ.என். 32 ரக விமானம். 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. வங்காள விரிகுடாவின்மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஒரு துண்டுகூட அகப்படவில்லை. ஏழரை ஆண்டுகள் அந்த 29 குடும்பங்களும் காத்திருந்தன. பின்னர் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், ஆளில்லாமல் தானே இயங்கும் நீர்மூழ்கி ஊர்தி ஒன்றைக் கடலடிக்கு அனுப்பியது. ஒலி அலைகளாலும் ஒளிப்படங்களாலும் அது 3,400 மீட்டர் ஆழத்தில் ஒரு விமானத்தின் சிதைவுகளைக் கண்டது. 2024 ஜனவரி 12 இல் அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பின் வாசகத்தைக் கவனியுங்கள். படங்கள் ஏ.என். 32 விமானத்தோடு ஒத்திருக்கின்றன. அப்பகுதியில் வேறு விமானம் காணாமற்போனதாகப் பதிவு இல்லை. ஆகவே இது அந்த விமானத்தினுடையதாக இருக்கக்கூடும் என்று எழுதினார்கள். ஏழரை ஆண்டுத் தேடலின் முடிவிலும் "இருக்கக்கூடும்" என்ற சொல்லை விடவில்லை! அந்த ஒரு சொல்லுக்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதே அறிவிப்பில் வேறோர் இடத்துக்குப் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு வாருங்கள். சிதைவுகள் கிடந்த இடம் சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல், அதாவது சுமார் 310 கிலோமீட்டர் என்று இருந்தது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 140 ஐ அதனால் பெருக்கினால் 259 தான் வருகிறது. 310 கிலோமீட்டர் என்றால் 167 கடல் மைல் ஆகவேண்டும். மறுநாள் செய்தித்தாள்கள் பலவும் 140 ஐயும் 310 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே அச்சிட்டிருந்தன.