கல்லில் எழுதிய பெயர்கள்

தேர்வுக்கு அடுத்தபடியாக மாணவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது ஒன்று உண்டென்றால் அது சுற்றுலாதான். எங்கே போவது, எத்தனை இடம் பார்ப்பது, தலைக்கு எவ்வளவு வசூலிப்பது, பேருந்தில் சன்னலோரம் யாருக்கு என்பன பற்றி நடக்கும் விவாதங்களில் பாதியேனும் வகுப்பறையில் நடந்திருந்தால் நம்மில் பலர் முதல் வகுப்பில் தேறியிருப்போம்! பட்டியலில் ஐந்து இடம் இருந்தால் "இவ்வளவுதானா?" என்று முகம் சுளிக்கிறோம், ஏழு என்றால் கைதட்டுகிறோம். இடங்களின் எண்ணிக்கையே சுற்றுலாவின் பெருமை என்று நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கை தவறு என்பது என் கருத்து. அதைச் சொல்ல எனக்கு வாய்த்த அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துறையின் ஒருநாள் சுற்றுலா புதுக்கோட்டை மாவட்டத்திற்கு. நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம், திருமயம் கோட்டை என ஐந்து இடங்கள். புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமிதான். ஆயினும் வரலாற்று விளைச்சலில் அதற்கு வறட்சியே கிடையாது. வெறும் பாறையாகத் தோன்றும் ஒவ்வொரு குன்றிலும் ஒரு குகையோ, கோயிலோ, கல்வெட்டோ இருக்கும். அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டோம். பாட்டும் கும்மாளமுமாகத் திருச்சியைக் கடந்து நார்த்தாமலை போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

அங்கே எங்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் முக்கால் மணி. விசயாலய சோழீசுவரம் இருப்பதோ மேலமலையின் மீது. மொட்டைப் பாறையில் மூச்சிரைக்க ஏறினால், வட்டமான கருவறையுடன் மேற்கு நோக்கி நிற்கும் அந்தக் கற்றளி கண்ணில் படுகிறது. எதிரே பாறையில் குடைந்த இரண்டு குகைகள். அவற்றுள் ஒன்றில் பன்னிரண்டு திருமால் உருவங்கள். இவற்றையெல்லாம் நான் ஓடிக்கொண்டே பார்த்தேன். ஏறியவர்கள் இருபது பேர். மற்றவர்கள் கீழேயே நின்று மலையைப் பின்னணியாக வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். விசில் ஊதியது; இறங்கினோம்.

அடுத்தது சித்தன்னவாசல். அறிவர் கோயில் எனப்படும் சமணக் குடைவரையின் மண்டபம் சிறியது. வரிசையில் நின்று உள்ளே போனபோது ஆளுக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. விதானத்தில் ஒரு தாமரைக் குளம். இலைகளுக்கிடையே மீன்கள், அன்னங்கள், யானை, எருமை, பூக்கொய்யும் ஆடவர். கண் இருட்டுக்குப் பழகி, மங்கிய வண்ணத்திலிருந்து ஒரு மீன் மெல்லத் துலங்கி வரும் வேளையில், "நகருங்கப்பா, அடுத்த ஆளு வரணும்" என்ற குரல் கேட்டது. கழுத்தை நிமிர்த்தியபடியே வெளியே வந்தேன்.

மலைமேல் ஏறிக் கிழக்குச் சரிவில் ஒதுங்கிச் சென்றால் ஏழடிப்பட்டம். பாறையில் கால் வைப்பதற்குக் குழிகள் வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பெயர். இயற்கையான குகை. உள்ளே பதினேழு கற்படுக்கைகள், தலைமாடு சற்று உயர்ந்து, தேய்த்து வழவழப்பாக்கப்பட்டவை. அவற்றுள் பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு, காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்பது அறிஞர் கணிப்பு. எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல்வெளி. துறவிகள் இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்று யாரும் சொல்லாமலே விளங்கியது.

திரும்பும் வழியில்தான் அது நடந்தது. பாதையோரப் பாறைகளில் பெயர்கள், பெயர்கள், பெயர்கள்! அம்பு துளைத்த இதயங்கள், ஊர்ப் பெயர்கள், வருடங்கள். அவற்றுக்கு நடுவே நம் கல்லூரியின் பெயர், ஒரு துறையின் பெயர், ஓர் ஆண்டு. "டேய், நம்ம அண்ணன்மாரும் வந்து போயிருக்காங்கடா!" என்று கூவினான் என் நண்பன். கூவியதோடு நிற்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துப் பாறையில் கீறத் தொடங்கினான்.

"வேண்டாம்டா" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி ஒருத்தன் எழுதினா கல்வெட்டு, அதுக்குக் கம்பி வேலி போட்டுக் காவல் வைப்பீங்க. நான் எழுதினா மட்டும் குத்தமா? ரெண்டாயிரம் வருசம் கழிச்சு வர்றவன் என் பேரையும் படிக்கட்டுமே!"

நண்பர்களே, எனக்குப் பதில் தோன்றவில்லை. மூன்றாண்டுகள் வரலாறு படித்த எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அதற்குள் கீழேயிருந்து விசில். அவன் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கீறிவிட்டுச் சாவியைப் பைக்குள் போட்டான். நாங்கள் இறங்கி வந்துவிட்டோம்.

அவனைக் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. எழுதுவதற்கு அவனே இசைவு தந்திருக்கிறான். நானும் எட்டாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலா போனபோது ஒரு கோட்டைச் சுவரில் கரித்துண்டால் என் பெயரை எழுதிவிட்டு வந்தவன்தான். அன்று இரவு முழுதும் பெருமையில் உறக்கம் வரவில்லை. ஆகவே கல்லெறியும் தகுதி எனக்கில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. அந்தப் பதில், அதே நாளில் நாங்கள் ஓடி ஓடிப் பார்த்த இடங்களிலேயே இருந்தது. ஓடியதால் அன்று கண்ணில் படவில்லை; திரும்பி வந்து நூலகத்தில் உட்கார்ந்தபோதுதான் புலப்பட்டது.

ஏழடிப்பட்டத்துக் கல்வெட்டு என்ன சொல்கிறது? எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்கிறது. அங்கே இரண்டு பெயர்கள் உண்டு: கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர். இரண்டுக்கும் நடுவே ஒரு செயல் இருக்கிறது. அந்தப் படுக்கை இல்லையேல் அந்தப் பெயர்களும் இல்லை.

கீழே அறிவர் கோயிலில் ஒரு கல்வெட்டுப் பாடல். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் பழுதுற்ற கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததை அது தெரிவிக்கிறது. நார்த்தாமலையில் விசயாலய சோழீசுவரத்தைக் கட்டியவன் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன். அது மழையால் இடிந்தபோது புதுப்பித்தவன் மல்லன் விடுமன். இருவரையும் ஒரே கல்வெட்டு சொல்கிறது. பின்னால் வந்தவன் முன்னவன் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் பொறிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரே உள்ள பழியிலி ஈசுவரத்தைக் குடைவித்தவன் சாத்தன் பழியிலி. அதற்கு மண்டபமும் இடபமும் செய்து நிலமும் அளித்தவள் அவன் மகள் பழியிலி சிறியநங்கை. எல்லா இடத்திலும் செயல் முன்னே போகிறது; பெயர் அதன் பின்னே அடக்கமாக வருகிறது.

"அரசர்கள் மெய்க்கீர்த்தியில் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்ளவில்லையா?" என்று நண்பன் மடக்கினான். உண்மைதான், புகழ்ந்துகொண்டார்கள். ஆனால் அந்தப் புகழ் முடிந்ததும் கீழே என்ன வருகிறது? இவ்வளவு நிலம், இத்தனை ஆடு, இத்தனை விளக்கு, இவ்வளவு நெல் என்ற கணக்கு. நாளைக்கு ஒருவன் கொடுத்ததை மறுத்தால், கல்லைக் காட்டி ஊரார் கேட்கலாம். அது பத்திரம். நாம் பாறையில் கீறுவதைக் காட்டி யார் எதைக் கேட்க முடியும்? 'நான் வந்தேன்' என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலான விடை குடுமியான்மலையில் இருக்கிறது. நடை சாத்துவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அங்கே போய்ச் சேர்ந்தோம். மேலைக்கோயில் குடைவரையை அடுத்த பாறையில், ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பில், புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்து, வடமொழி. ஏழு பகுதிகளாகச் சுரக்கோவைகள். எங்கள் ஆசிரியர் அதன்முன் நின்று விளக்கத் தொடங்கினார். கேட்க நின்றவர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள். பசி வேளை, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

அந்தச் சுரங்களை எழுதுவித்தவன் ஓர் அரசன். அவ்வளவு பெரிய பாறையில் அவன் தன் பெயரைச் சொல்லவில்லை! உருத்திராசாரியரின் மாணவன், சிவபெருமானின் அடியவன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறான். மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாகவும் சொல்கிறான். அதனால்தான் அவன் மகேந்திரவர்ம பல்லவனா, வேறொருவனா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர் பெயரைப் பொறித்துத் தன் பெயரை மறைத்த மாணவன் ஒருவன் நிற்கும் பாறைக்கு முன்னால், மாணவர்களாகிய நாம் சாவியோடு நிற்கலாமா?

சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சிதைப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; 2010இல் செய்த திருத்தத்தின்படி இரண்டாண்டுச் சிறையோ, ஓர் இலட்ச ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் அச்சத்தால் மட்டும் பாறை காப்பாற்றப்படும் என்று நான் நம்பவில்லை. காவலர் ஒருவர், குன்றோ பெரிது.

நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. ஓரிடத்தைப் பற்றி ஒன்றும் அறியாமல் போய், அரைமணி நேரம் நின்று, ஒன்றும் புரியாமல் திரும்பும்போது, வந்ததற்கு ஓர் அடையாளம் வேண்டுமே என்ற தவிப்பு உண்டாகிறது. மனத்தில் எதையும் எடுத்துக்கொள்ள நேரமில்லாதவன் கல்லில் எதையாவது விட்டுவிட்டு வருகிறான். அன்று பிற்பகல், 1910இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்தை இருபது நிமிடத்தில் 'முடித்தோம்'. 1687இல் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டையை அந்தி மயங்கும் நேரத்தில் பேருந்து சன்னல் வழியே பார்த்துக் கையசைத்தோம். ஐந்து இடமும் பார்த்துவிட்டதாகக் கணக்கு எழுதியாயிற்று.

"பணம் கட்டியவன் நாலு இடம் பார்க்க வேண்டாமா?" என்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டு நிலையால் இதைவிட்டால் வேறு பயணமே வாய்க்காத நண்பர்கள் நம்மிடையே உண்டு. வீட்டில் அனுமதி கிடைக்கும் நாள் ஆண்டுக்கு இது ஒன்றுதான் என்று சொல்லும் மாணவியர் உண்டு. பேருந்தில் பாட்டும் ஆட்டமும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். புளியோதரைப் பொட்டலத்தைப் பங்குபோட்டுத் தின்ற இன்பம் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது. ஆனால் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்பதாலேயே அதை விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே சிதறவிடக் கூடாது என்கிறேன்.

ஆகவே துறைத் தலைவர்களுக்கும் மாணவர் பேரவைக்கும் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, ஒருநாள் சுற்றுலாவுக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். இரண்டு, போவதற்கு ஒரு வாரம் முன்பு அந்த இடங்களைப் பற்றி மாணவர் இருவர் நூலகத்தில் படித்து வந்து வகுப்பில் பேசட்டும். மூன்று, துறையில் ஒரு குறிப்பேடு வைப்போம். போய் வந்த ஒவ்வொருவரும் தாம் கண்ட ஒன்றைப் பற்றிப் பத்து வரி எழுதித் தம் பெயரைக் கீழே போடட்டும். பெயர் எழுதும் ஆசை இயல்பானது. அதற்கு நல்ல இடம் காட்டினால் போதும். அடுத்த ஆண்டு போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போவார்கள். மாணவர் நன்மைக்காக எழுதுவது என்பதற்கு நம்மளவில் அதுவே பொருள்.

என் நண்பன் கீறிய அந்த ஒற்றை எழுத்து இன்னும் பாறையில் இருக்கும். அழிக்கப் போனால் பாறைதான் மேலும் தேயும். அதை இனி ஒன்றும் செய்ய இயலாது. அதன் பக்கத்தில் இரண்டாம் எழுத்து விழாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

— மூன்றாமாண்டு வரலாற்று மாணவன்