வழிகாட்டிக்கும் ஒரு தேர்வு

(மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவர் ஒருவர்)

"எந்தக் கைடு வாங்கலாம்?" ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான 'ஜாம்' நுழைவுத் தேர்வை எழுத எண்ணும் வேதியியல் மாணவர் எவரும் முதலில் கேட்கும் கேள்வி இது. மூத்த மாணவர்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள். நாமும் கடைக்குப் போய், உள்ளவற்றுள் தடித்ததை வாங்கி வருவோம். கனமான நூலில் கனமான அறிவு இருக்கும் என்பது நம் நம்பிக்கை!

சென்ற ஆண்டு நானும் அப்படித்தான் ஒன்று வாங்கினேன். விடுதிக் கட்டணத்துக்கென வீட்டில் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போயிற்று. 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். மதிப்பு என்ன என்றொரு வினா அதில் இருந்தது. விடை 8 என்று அச்சிட்டிருந்தார்கள். நானும் அதையே மனப்பாடம் செய்தேன். பின்னர் எங்கள் பேராசிரியர் கேட்டார்: "அமிலத்தில் எவ்வளவுதான் தண்ணீர் ஊற்றினாலும் அது காரமாகிவிடுமா?" தண்ணீரும் ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது, அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை ஏறத்தாழ 6.98. இப்படி இன்னும் எத்தனை தவறுகளை உண்மையென்று படித்து வைத்தேனோ!

ஆகவே என் கருத்து இதுதான்: வழிகாட்டி நம்மைச் சோதிக்கும் முன் நாம் அதைச் சோதிக்க வேண்டும்.

முதலில் பழைய வினாத்தாள்களை எடுங்கள். தேர்வை நடத்துவோரே அவற்றை இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டுள்ளனர். மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள். அவற்றுள் 30 வினாக்களுக்கு ஒரே ஒரு விடை; தவறினால் அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். 10 வினாக்களுக்குச் சரியான விடைகள் ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். அனைத்தையும் குறித்தால்தான் மதிப்பெண். எஞ்சிய 20 வினாக்களுக்கு எண் விடையை நாமே கண்டு தர வேண்டும். 'விடை: இ' என்று மட்டும் சொல்லும் நூல் இங்கே எதற்கு உதவும்?

கடையில் நின்றபடியே, நமக்கு நன்கு தெரிந்த பாடத்தில் ஐந்து கணக்குகளைப் புரட்டிப் பார்ப்போம். படிகள் உள்ளனவா? அலகுகள் உள்ளனவா? மற்ற விடைகள் ஏன் தவறு என்று காரணம் காட்டியிருக்கிறதா? இல்லையெனில் வைத்துவிட்டு வருவதே நலம்.

கைடே கூடாது என்பார் நம் ஆசிரியருள் சிலர். பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் நடக்கும் தேர்வைக் கடிகாரம் பார்த்து எழுத வேண்டிய எங்களுக்குப் பயிற்சி நூல் தேவைதான். ஆனால் அது பயிற்சிக்கு மட்டுமே. பாடம் வகுப்பறையிலும் நூலகத்துப் பாடநூல்களிலும் இருக்கிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் துறையில் ஒரு 'பிழை நோட்டு' வைப்போம். கைடுகளில் கண்ட தவறுகளைப் பக்க எண்ணோடு அதில் எழுதுவோம். பேராசிரியர்கள் சரிபார்த்துக் கையொப்பமிடட்டும். அடுத்து வரும் தம்பி தங்கையராவது அமிலத்தைக் காரம் என்று படிக்காதிருக்கட்டும்!