இரவலும் இரத்த உறவும்

நம் கூட்டங்களில் அவ்வப்போது ஒரு வாதம் எழுகிறது. அரபியில் ‘உம்மு’, தமிழில் ‘அம்மா’. அரபியில் ‘அபூ’, தமிழில் ‘அப்பா’. ஆகவே அரபியே தமிழின் தாய் என்கின்றனர் சிலர். வெளியிலோ வேறொரு குரல்: “உங்கள் வீட்டுப் பேச்சில் அரபுச் சொற்கள் மலிந்துள்ளன, அது தமிழே அன்று.” முன்னதைக் கேட்டு மகிழ்கிறோம்; பின்னதைக் கேட்டு மனம் நோகிறோம். இரண்டும் ஒரே பிழையின் இரு கிளைகள் என்பதை நாம் உணர்வதில்லை.

மொழிகளுக்கிடையே உறவு காண்போர் ஒன்றிரண்டு சொற்களின் சாயலைக் கொண்டு தீர்ப்பளிப்பதில்லை. மழலை வாயில் எளிதில் பிறக்கும் ஒலிகளால் பெற்றோரை அழைப்பது பல மொழிகளுக்கும் பொது. அறிஞர்கள் தேடுவது ஒழுங்கு. தமிழில் பால், பல், புலி, பத்து. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து. சொல்லுக்குச் சொல் பகரம் ஹகரமாகியுள்ளது. அடிப்படைச் சொற்களிலும் இலக்கண அமைப்பிலும் இத்தகைய ஒழுங்கைக் கண்ட பின்னரே ‘ஓரினம்’ என்பர். 1816இல் எல்லிஸ் தொடங்கி, 1856இல் கால்டுவெல் விரித்துரைத்த நெறி இது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் அறிஞர்கள் வளர்த்ததும் இதனையே. இந்நெறிப்படி அரபியின் உடன்பிறப்பு எபிரேயமே, தமிழ் அன்று.

இதனால் அரபிக்கு இழுக்கென்ன? இறைமறையின் மொழி என்பதே அதன் மேன்மை. தமிழுக்குத் தாய் என்னும் பொய்ப்பட்டம் அதற்குத் தேவையில்லை.

இனி, மற்றவருக்கு விடை கூறுவோம். பலூசிஸ்தானத்தின் பிராகூயி மக்கள் முஸ்லிம்கள். அவர்கள் மொழியில் அரபு, பாரசீக, பலூச்சிச் சொற்கள் நிரம்பியுள்ளன. நான்கு முதலான எண்ணுப் பெயர்கள்கூட இரவலே. ஆயினும் அவர்களுக்குக் கண் ‘ஃகன்’, கல் ‘ஃகல்’. இரண்டு ‘இரட்’, மூன்று ‘முசிட்’, நீ ‘நீ’யே. எனவே அதனைத் திராவிட மொழி என்றே அறிஞர் கொண்டனர். அத்தனை இரவலும் அதன் குலத்தை மாற்றவில்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? கடலூர் நீதிமன்ற வாயிலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். வக்கீல், ஆஜர், வாய்தா, ஜாமீன், ரத்து, பாக்கி, வசூல்: அத்தனையும் அரபு மூலத்தன, பாரசீகம், உருது வழியே வந்தவை. இவற்றைச் சொல்லும் திருநீறணிந்த பெரியவரை எவரேனும் அயலார் என்றதுண்டா? அவர் பேச்சு தமிழெனில், ‘துஆ’, ‘பரக்கத்’ என்று கூறும் நம் தாய்மாரின் பேச்சு மட்டும் எவ்வாறு தமிழன்றாகும்?

நோன்பு, தொழுகை, பள்ளிவாசல் என மார்க்கத்தின் தூண்களுக்கே தமிழ்ப் பெயரிட்டவர் நம் முன்னோர். சிதம்பரத்துக்கு அண்மையிலுள்ள பரங்கிப்பேட்டையின் வள்ளல் அபுல்காசிம் மரைக்காயர், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். அந்த மரபில் வந்த நாம், தமிழர் என்பதற்கு எவரிடமும் சான்றிதழ் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லித் தருவோம். இல்லாத உறவைக் கூறி அவர்கள் பெருமை தேடவும் வேண்டா. இரவற் சொல்லுக்காக வெட்கித் தலைகுனியவும் வேண்டா.