கேபிள் கம்பி யார் கையில்?

 

நெய்வேலி மக்களுக்கு உரிமையாளர் என்ற சொல்லின் பொருளை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2013ல் என்.எல்.சி.யின் 5 விழுக்காடு பங்குகளை விற்க மத்திய அரசு முனைந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முடிவில் 3.56 விழுக்காட்டைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கின. சுரங்கத்துக்காகப் பொங்கி எழுந்த நாம், வீட்டுக்குள் நுழையும் கேபிள் கம்பியின் சொந்தக்காரர் யார் என்று என்றாவது கேட்டோமா?

கம்பியை வைத்திருப்பவரே எந்தச் சேனல் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று முடிவு செய்கிறார். தமிழகத்தில் பல்லாண்டுகள் அந்தக் கம்பி, சன் டிவியை நடத்தும் குடும்பத்தின் சுமங்கலி கேபிள் விஷன் கையில் இருந்தது. அதைக் கையகப்படுத்த 2006 ஜனவரியில் ஜெயலலிதா அரசு மசோதா நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2007ல் அந்தக் குடும்பத்துக்கும் தி.மு.க. தலைமைக்கும் பிணக்கு வந்ததும், கலைஞர் அரசே அரசு கேபிள் நிறுவனத்தைத் தொடங்கியது. பிணக்கு தீர்ந்தது, அரசு கேபிளும் படுத்தது. 2011ல் ஆட்சி மாறியதும் மாதம் 70 ரூபாய்க்கு அது உயிர் பெற்றது. கட்டணம் குறைந்தது உண்மை. ஆனால் கடிவாளம் ஒரு குடும்பத்திடமிருந்து ஆட்சியாளரிடம் மாறியதே தவிர, மக்களிடம் வந்ததா?

ஒலிபரப்பு அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கட்சிகளும் மத அமைப்புகளும் அரசுகளும் இத்துறையில் இறங்கக் கூடாது என்று டிராய் 2008லும் 2012லும் பரிந்துரைத்தது. ஆகவே "ஜமாஅத்துக்கு ஒரு சேனல்" என்ற கோஷம் தீர்வாகாது. காசு கொடுத்து வாங்கும் சஹர் நேர அரைமணியும் தீர்வாகாது.

கேரளத்தைப் பாருங்கள். மீடியா ஒன் சேனலை ஒரு கம்பெனி நடத்துகிறது. பங்குதாரர்களின் தொடர்பைக் காட்டி 2022ல் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மத்திய அரசு மறுத்தது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அரசை விமர்சிப்பது குற்றமல்ல என்றும் சொன்னது.

இளைஞர்களே! செய்தி சேகரிக்கவும் கேமரா பிடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். வணிகர்களே! உள்ளூர் சேனலுக்கு விளம்பரம் கொடுக்குமுன் அதன் முதலாளி யார் என்று கேளுங்கள். பங்கு போடும் வாய்ப்பு வந்தால், எல்லாச் சமுதாயத்தாரோடும் சேர்ந்து, ஒருவர் கையில் குவியாதபடி போடுங்கள்.

ரிமோட் நம் கையில் இருக்கிறது என்று மகிழ்கிறோம். கம்பியின் மறுமுனை யார் கையில்? சிந்தியுங்கள்!