குட்டையாக்குவது இரும்பல்ல, பட்டினி

கிளமெண்டி விளையாட்டரங்கத்தில் பிள்ளைகளை ஓட்டப் பயிற்சிக்கு அழைத்து வரும் பெற்றோரிடம், "வாரம் இரண்டு நாள் ஜிம்முக்கும் அனுப்புங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஐயையோ, வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடும்!" என்பார்கள். சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் பதக்கம், 1960இல் ரோமில் டான் ஹவ் லியாங் பளுதூக்கி வாங்கிய வெள்ளி. அந்த நாட்டிலேயே இரும்புக்கு இவ்வளவு பயம்.

ஆதாரம் கேட்டால் இந்தியப் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவின் குட்டை உயரத்தைக் காட்டுவார்கள். அவர் போட்டியிட்ட 49 கிலோ பிரிவில் உயரமானவர் ஜெயித்திருந்தால்தான் அதிசயம். குட்டையாக இருப்பது அங்கே வசதி; அதனால் அத்தகையோர் மேலே வருகிறார்கள். அதே பளுதூக்கலில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 197 சென்டிமீட்டர் உயரம். அவரை ஏன் யாரும் உதாரணம் காட்டுவதில்லை?

எலும்பு முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு நசுங்கிவிடும் என்பது அடுத்த வாதம். சாதாரணமாக ஓடும்போதே ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. பள்ளியில் நடக்கும் நாப்ஃபா உடற்தகுதித் தேர்வில் பையன் தன் முழு எடையையும் கையால் இழுத்துப் புல்-அப் எடுக்கிறான், அதற்குக் கைதட்டுகிறோம். ஐந்து கிலோ டம்பெல்லைத் தொட்டால் மட்டும் பதறுகிறோம். வளர்ச்சித் தட்டில் காயம் படுவதுண்டு: ஆளில்லாத நேரத்தில், முறை தெரியாமல், வீம்புக்குத் தூக்கும்போது. முறையான மேற்பார்வையில் செய்யும் பயிற்சி உயரத்தைக் குறைப்பதாகச் சான்றில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020இலும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சரி, பலன் என்ன? பருவமடையாத பிள்ளைக்குத் தசை பெரிதாகப் புடைக்காது. ஆனால் நரம்புகள் தசையைத் திறமையாக இயக்கப் பழகுவதால் பலம் கூடுகிறது. முழங்காலிலும் கணுக்காலிலும் காயம் படும் வாய்ப்பும் குறைகிறது.

உண்மையில் பயப்பட வேண்டியதற்கு நாம் பயப்படுவதில்லை. "இரண்டு கிலோ குறைத்தால் இன்னும் வேகமாக ஓடுவாய்" என்று பயிற்றுநர் சொன்னால், வீட்டில் உடனே சோறு குறைகிறது. 1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் நடந்த 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம், எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்து ஓடவிட்டது. திட்டம் போய்விட்டது, எடை இயந்திரத்தை வைத்துப் பிள்ளையை அளக்கும் புத்தி போகவில்லை.

பயிற்சிக்கு ஏற்ற உணவு கிடைக்காத உடல், வளர்ச்சியைச் சிக்கனப்படுத்தத் தொடங்கும். எலும்பு வலுவிழக்கலாம், பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நிற்கலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014லேயே இதைத் தனிப் பிரச்சினையாக அறிவித்து எச்சரித்தது. 1997 கடைசியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், போட்டிக்காக அவசரமாக எடை குறைக்கப்போய்ச் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். எடையைத் தூக்கியதால் அல்ல, எடையைக் குறைத்ததால்.

ஆகவே பெற்றோரே, பயிற்றுநரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கூடவே நின்று முறை கற்றுத்தருகிறாரா? சிறிய எடையில் தொடங்குகிறாரா? இடையில் ஓய்வு நாள் விடுகிறாரா? மூன்றுக்கும் ஆமென்றால் பிள்ளையைத் தாராளமாக அனுப்புங்கள். சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் ஒரு கவளமும் குறைக்காதீர்கள்.